ஆற்றங்கரையில் நாலு கண்ணாடிச் சுவர்

ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டு வாசலில் கார் போய் நிற்காது. வரவேற்பு மையத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஃபாக்ஸ் ஆற்றை ஒட்டி மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் நடக்க வேண்டும். நாங்கள் போனது அக்டோபரில். மேப்பிள் மரங்கள் பாதி மஞ்சளாகவும் பாதி பச்சையாகவும் நின்றன. ஆறு மண் நிறத்தில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதை ஓரிடத்தில் திரும்பியதும் மரங்களுக்கு இடையே இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கீழே இருந்தது தரை, மேலே இருந்தது கூரை. நடுவில் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பக்கத்து மரங்கள்தான் தெரிந்தன.

வீட்டின் முகப்பு முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்ற ஆசை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. சென்னையில் 'கிளாஸ் எலிவேஷன்' வேண்டும் என்று கேட்காத ஆள் குறைவு. அந்த ஆசைக்கு உருவம் கொடுத்த வீடுகளில் இரண்டு அமெரிக்காவில் இருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் பிளேனோ என்ற சிற்றூருக்கு வெளியே இருக்கும் இந்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு ஒன்று. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ கேனன் என்ற ஊரில் இருப்பது மற்றொன்று. 1949-க்கும் 1951-க்கும் இடையில் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தேன். படத்தில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துபோன வீடுகள் இவை. அவற்றில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிளேனோ சிகாகோவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 60 மைல். வழியில் நேப்பர்வில்லில் இருக்கும் சித்தி மகள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். அவளும் மாப்பிள்ளையும் சொந்தமாக வீடு வாங்கத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. பின்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்த ஒரு வீட்டின் மேல் அவளுக்குக் கண். மாப்பிள்ளைக்குத் தயக்கம். "நீங்க அந்த வீட்டைப் பாத்துட்டு வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்று போனில் சொன்னவள், பிறகு தானும் வருவதாகக் கிளம்பிவிட்டாள். அறுவடைக்கு நின்ற மக்காச்சோளமும் சோயாவும் சாலையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டும்வரை போய்க்கொண்டே இருந்தன.

கிட்டே போனதும் வீட்டின் கட்டுமானம் புரிய ஆரம்பித்தது. எட்டே எட்டு இரும்புத் தூண்கள். அவை தாங்குவது 77 அடி நீளம், 28 அடி அகலத்தில் ஒரு தரைத்தளம், அதே அளவில் ஒரு கூரை. தரைத்தளம் நிலத்திலிருந்து ஐந்தடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. தூண்கள் கூரையைத் தாங்குவதாகவே தெரியவில்லை. பக்கத்தில் வந்து தொட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருக்கின்றன. வெல்டிங் செய்த தடத்தை மணல் பீய்ச்சித் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். எந்த இடத்திலும் ஒரு போல்ட் தலைகூடக் கண்ணில் படாது. முன்னால் கொஞ்சம் தாழ்வாக ஒரு திண்ணை மேடை மிதக்கிறது. அதிலிருந்து சில அகலப் படிகள் ஏறினால் கூரை போட்ட முன்வாசல்.

தரையெல்லாம் இத்தாலிய டிராவர்டைன் கல். உள்ளே போட்ட கல்லின் இணைப்புக் கோடு கண்ணாடியைத் தாண்டி வெளியேயும் அதே நேரில் ஓடுகிறது. வெளி மேடையில் மழைநீர் தேங்காமல் ஓட வேண்டுமானால் தளத்துக்குச் சாய்வு கொடுத்தாக வேண்டும். இங்கே மேற்பரப்பு மட்டமாகவே இருக்கிறது. கல்லுக்குக் கீழே சரளை, அதற்கும் கீழே சாய்வான இரும்புத் தொட்டிகள் என்று வைத்து, தண்ணீரைக் கல் இடுக்கு வழியாக இறக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேற்றியிருக்கிறார்கள். கூரைத் தண்ணீரும் அப்படித்தான். கூரை நடுப்பக்கமாகச் சரிந்து, வீட்டின் நடுவில் இருக்கும் குழாய் வழியே இறங்கிவிடும். ஓரத்தில் ஒரு தகரக் குழாய்கூடக் கிடையாது. வேலை செய்வது தெரியாமல் வேலை செய்யும் இந்தப் பொறுமையைப் பார்க்கும்போது, கட்டியவர்கள் மேல் மரியாதை வந்தே தீரும். வரைந்தவர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோ. ஜெர்மனியிலிருந்து வந்து சிகாகோவில் குடியேறிய கட்டடக் கலைஞர். கட்டுமானத்தை முன்னின்று கவனித்தவர் அவரிடம் வேலை பார்த்த மைரன் கோல்ட்ஸ்மித்.

உள்ளே அறைகள் கிடையாது. மரப்பலகை போர்த்திய ஒரு பெரிய பெட்டி நடுவில் நிற்கிறது. குளியலறைகள், கணப்படுப்பு, சமையல் மேடை, சூடாக்கும் கருவி எல்லாம் அந்தப் பெட்டியோடு சேர்ந்தவை. அதைச் சுற்றி இருக்கும் வெளிதான் வீடு. ஆற்றைப் பார்த்த தெற்குப் பக்கம் உட்காருவதற்கு, கிழக்கு ஓரம் படுப்பதற்கு, வடக்கே சமைப்பதற்கு. நாலு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கால் அங்குலத் தடிமன், ஒற்றைத் தகடு. பிரிட்டனில் பில்கிங்டன் நிறுவனம் உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்தது 1959-ல்தான். அதற்கு முன்னால், இவ்வளவு பெரிய கண்ணாடியில் உருவம் நெளியாமல் தெரிய வேண்டுமென்றால் இரண்டு முகத்தையும் அரைத்து மெருகேற்றியாக வேண்டும். செலவு பிடித்த வேலை.

வடகிழக்கு மூலையில் நின்று ஒருமுறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஆறு, புல், மரங்கள், வானம். கண்ணை எங்கும் எதுவும் தடுக்கவில்லை. இந்த வீடு அழகு என்று சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை. நான் பார்த்த கட்டடங்களில் இதைப் போல மனதை நிமிர்த்தியவை குறைவு. அதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும்.

இந்த வீட்டைக் கட்டச் சொன்னவர் டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த். சிகாகோவில் சிறுநீரக நோய் நிபுணர். தனியாக வாழ்ந்தவர், வயலின் கற்றவர், பிற்காலத்தில் இத்தாலியக் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். 1945-ல் ஒரு விருந்தில் மீஸைச் சந்தித்தார். வார இறுதிகளில் வந்து தங்க ஆற்றங்கரையில் ஒரு சிறு வீடு வேண்டும் என்றார். 1947-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வீட்டின் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. கட்டுமானம் 1949-ல் தொடங்கி 1951-ல் முடிந்தது. செலவு ஏறிக்கொண்டே போய் ஏறத்தாழ 74,000 டாலரில் நின்றது. அன்றைக்கு அது ஒரு வார இறுதி வீட்டுக்கு மிகப் பெரிய தொகை. கட்டணப் பாக்கி என்று மீஸ் வழக்குப் போட்டார். ஈடித் எதிர்வழக்குப் போட்டார். நீதிமன்றத்தில் மீஸின் பக்கம் வலுத்தது. கடைசியில் சமரசம் ஆயிற்று.

இந்த வழக்கைப் பற்றி எழுதிய பலரும், மீஸ் மேல் கொண்ட காதல் கைகூடாத பெண்ணின் கோபம் அது என்ற கோணத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈடித் சொன்ன புகார்களை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வீட்டைப் பற்றியது, அளந்து பார்க்கக் கூடியது. உடை மாட்ட அலமாரி இல்லை. அவர் வற்புறுத்திய பிறகே தனியாக ஒரு தேக்கு அலமாரி செய்து வைத்தார்கள். குப்பைத் தொட்டியைச் சமையல் மேடைக்குக் கீழே வைத்தால் சாலையிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியும் என்பதால் வைக்க முடியவில்லை. தன் வீட்டில் ஒரு துணிமாட்டியை எங்கே வைப்பது என்பதற்குக்கூட வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டியிருந்ததை 1953-ல் 'ஹவுஸ் பியூட்டிஃபுல்' இதழுக்கு அவர் விவரமாகவே சொன்னார். அந்த இதழ் நவீன வீடுகளையே அமெரிக்க வாழ்க்கைக்கு ஆபத்து என்று சித்தரித்தது. அந்தப் பிரசாரத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இருந்த ஈடித்தின் சாட்சியத்தை அதோடு சேர்த்துக் குப்பையில் போட்டது பெரிய அநியாயம்.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் திறக்கக் கூடியவை மேற்கே ஒரு கதவும், கிழக்கே தரையோடு ஒட்டிய இரண்டு சின்ன ஜன்னல்களும் மட்டுமே. குளிர்சாதனம் அப்போது இல்லை. கூரை, கண்ணாடியின் விளிம்போடு நின்றுவிடுகிறது; தெற்கிலும் வடக்கிலும் தாழ்வாரம் என்று ஒரு சாண்கூட நீட்டவில்லை. வெயிலுக்குத் தடையாக இருந்தது தெற்கே நின்ற ஒரு பெரிய கரு மேப்பிள் மரம் மட்டுமே. மீஸ் அந்த மரத்தின் பக்கத்தில் வீட்டை வைத்தது சரியான முடிவு. ஆனால் ஒரு வீட்டின் கோடைகாலம் முழுவதையும் ஒரே மரத்தின் ஆயுளிடம் ஒப்படைப்பதும் அதே முடிவுதான். அந்த மரம் வயதாகிப் பட்டுப்போய், சில ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்டது.

குளிர்காலத்தில் வேறு கதை. தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, கால் சுடச்சுட இருக்கும். ஆனால் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் ஏறக்குறைய வெளிக்குளிருக்கே இறங்கிவிடும். பக்கத்தில் உட்காருபவரின் உடம்புச் சூடு கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அறைக் காற்று சூடாக இருந்தாலும் முதுகு நடுங்கும். அதோடு, காற்றில் இருக்கும் ஈரம் கண்ணாடியில் படிந்து, வழிந்து, கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் தேங்கும். இரும்பு துருப்பிடிக்கும். வெள்ளைப் பெயின்ட் பூசிய இந்த வீட்டை வெள்ளையாகவே வைத்திருக்க எத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இரவுதான் எல்லாவற்றிலும் கடினம். பகலில் உள்ளிருப்பவர் வெளியைப் பார்ப்பார். இருட்டியபின் விளக்குப் போட்டால் கண்ணாடி உள்ளிருப்பவருக்குக் கருங்கண்ணாடி ஆகிவிடும். தன் உருவமே நாலு பக்கமும் தெரியும். வெளியே நிற்பவருக்கோ உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரியும். பிரபலமான வீடு என்பதால் பார்க்க வந்தவர்களும் உண்டு. ஒரு பெண், தனியாக, நகரத்துக்கு வெளியே. தன் வீட்டுக்குள்ளேயே எப்போதும் விழிப்போடு உலவும் விலங்குபோல் உணர்ந்ததாக அவர் சொன்னதில் மிகை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆற்றங்கரைப் பூச்சிகளும் வெளிச்சத்துக்கு மொய்த்தன. அவர் முன்வாசலைச் சுற்றி வலை அடைக்க வேண்டியதாயிற்று. வீட்டின் புகைப்படங்களில் அந்த வலையைப் பார்த்து முகம் சுளித்த கலை விமர்சகர்கள், ஒரு ஜூலை மாத இரவு அங்கே தங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"திரைச்சீலை போட்டா போச்சு இல்லையா?" என்று தங்கை கேட்டாள். போட்டார்கள், பட்டுத் துணியில். மூடினால் ஆறு மறைந்துவிடும். திறந்தால் உள்ளிருப்பவர் மறைய இடமில்லை. இரண்டில் ஒன்றை ஒவ்வொரு மணி நேரமும் தேர்ந்துகொண்டே இருப்பதும் ஒரு வேலைதானே. அவள் பதில் சொல்லவில்லை. கண்ணாடியை ஒட்டி நின்று, வடக்கே சாலை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு தன் பங்கைச் செய்தது. 1954-ல் வந்த வெள்ளம், ஐந்தடி உயர்த்திக் கட்டிய தரைக்கும் மேலே நாலடி ஏறியது. 1996-ல் இன்னும் மோசம். கண்ணாடி உடைந்து பொருள்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2008-லும் தண்ணீர் உள்ளே வந்தது. வெள்ளம் வரும்போது வீட்டையே ஹைட்ராலிக் ஜாக்கிகளால் தூக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் கூடப் பேசப்பட்டது. மேட்டு நிலத்துக்கு நகர்த்தினால் பாதுகாப்பு. ஆனால் அந்த மரங்களையும் ஆற்றையும் விட்டுவிட்டால் அது வேறு வீடு. இதற்கு எளிய பதில் இல்லை என்பதை அங்கே நின்றால்தான் உணர முடிகிறது.

வெள்ளத்தைவிட ஈடித்தை அதிகம் காயப்படுத்தியது ஒரு பாலம். 1960-களில் சாலையை மாற்றிப் புதுப் பாலம் கட்டுவதற்காக அவருடைய நிலத்தில் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். சுவர் வைத்த வீடாக இருந்தால் பக்கத்தில் சாலை வருவது ஒரு தொந்தரவு. கண்ணாடி வீட்டுக்குச் சுற்றியிருக்கும் நிலமும் மரமும்தான் சுவர். அந்த நிலம் போனால் ஒரு பக்கச் சுவரே இடிந்தது மாதிரி. 1972-ல் பிரிட்டிஷ் செல்வந்தர் பீட்டர் பலம்போவுக்கு வீட்டை விற்றுவிட்டு இத்தாலிக்குப் போனார். 1977-ல் அங்கேயே இறந்தார். பலம்போ வலையை அகற்றினார், குளிர்சாதனம் வைத்தார், வீட்டை மீஸ் நினைத்தபடி மீட்டெடுத்தார். 2003 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து 75 லட்சம் டாலருக்கு வாங்கின. 2021-ல் வீட்டின் பெயரை 'ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு' என்று மாற்றினார்கள். குடும்பப் பெயரோடு அவர் சொந்தப் பெயரும் சேர 70 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. செய்யப்பட்டதே எனக்கு மகிழ்ச்சி.

திரும்பும் வழியில் தங்கை தன் வீட்டுப் பேச்சை எடுத்தாள். அவள் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் கண்ணாடிப் பக்கம் மேற்குப் பார்த்தது. அதுதான் எனக்குக் கவலை என்றேன். தெற்கு வெயில் கோடையில் உச்சியில் நிற்கும்; கூரையைக் கொஞ்சம் நீட்டினால் தடுத்துவிடலாம். மேற்கு வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அடிக்கும்; எந்தத் தாழ்வாரமும் அதை நிறுத்தாது. அங்கே இலை உதிரும் மரம் வேண்டும். கோடையில் நிழல் தரும், குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடும். கண்ணாடி இரட்டைத் தகடாக, நடுவில் ஆர்கான் வாயு அடைத்து, லோ-ஈ பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும். அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் படலம். வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். முக்கியமாக, அந்தச் சுவரில் எத்தனை கதவு திறக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். "அவர் கேட்டதும் இதையேதாண்ணா, ஆனா எப்படிக் கேக்கணும்னு தெரியல" என்றாள். மாப்பிள்ளையின் தயக்கத்துக்குக் காரணம் இருந்திருக்கிறது.

சிகாகோவில் எஞ்சியிருந்த நேரத்தில் மிச்சிகன் ஏரிக்கரைக்குப் போனேன். லேக் ஷோர் டிரைவில் 860, 880 எண்களில் நிற்கும் இரண்டு 26 மாடிக் கோபுரங்களும் மீஸ் வரைந்தவை. ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டோடு ஒரே காலத்தில் எழுந்தவை. இன்று எந்த ஊரில் கண்ணாடி அடுக்குமாடி கட்டினாலும் அதன் வம்சம் இங்கேதான் போய் முடியும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், கிழக்கு பியர்சன் தெருவில் ஒரு பழைய பாணி அடுக்கு வீடு இருக்கிறது. கனத்த சுவர், சாதாரண ஜன்னல்கள். மீஸ் தன் சிகாகோ வாழ்க்கையின் பெரும் பகுதியை அங்கேதான் கழித்தார். தான் கட்டிய கோபுரத்துக்குக் குடிபோகவில்லை. அதை அவர் மேல் குற்றமாகச் சொல்ல மாட்டேன். வேலைக்கு ஓர் இடம், ஓய்வுக்கு ஓர் இடம் என்று மனிதர் தேடுவது இயற்கை. ஈடித்துக்கும் அந்த உரிமையைக் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

ஏரிக்கரையில் தெற்கே போனால் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு மையம். அதன் ஏரிக்கரைக் கட்டடம் நீளமான, கறுத்த, கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டி. வரைந்தவர் ஜீன் சம்மர்ஸ், மீஸிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2023 அக்டோபர் 5 அதிகாலையில் இந்தச் சுவரின் கீழே ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் பறவைகள் செத்துக் கிடந்தன. வடக்கிலிருந்து தெற்கே வலசை போகும் சின்னஞ்சிறு பறவைகள். இரவில் பறப்பவை. விளக்கு வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. கண்ணாடியை அவை காண்பதில்லை. கண்ணாடியில் தெரியும் வானத்தை வானம் என்று நம்பி மோதுகின்றன. ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் பறவையியலாளர் டேவிட் வில்லார்ட் 1978 முதல் இந்தக் கட்டடத்தின் அடியில் விழுந்த பறவைகளைப் பொறுக்கி, அளந்து, பதிவு செய்து வந்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் விடியலில் குனிந்து பொறுக்கியதால்தான் மற்றவர்கள் அதை எண்ணிக்கையாகப் பார்க்க முடிந்தது.

நான் போனபோது அந்தக் கண்ணாடி முழுக்கச் சின்னப் புள்ளிகள். 2024-ல் 12 லட்சம் டாலர் செலவில் ஒட்டிய படலம். கிட்டே நின்றால்தான் புள்ளிகள் தெரியும். பத்து அடி தள்ளிப்போனால் கண் அவற்றை மறந்துவிடும். பறவைக்கு மட்டும் அது சுவர். அதற்குப் பிறகு வந்த வலசைக் காலத்தில் சாவு பெருமளவு குறைந்தது. இதை வீட்டுக் கண்ணாடிக்கும் செய்யலாம். புள்ளிகளோ கோடுகளோ இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல், கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். உள்ளே ஒட்டினால் பிம்பம் அதை மறைத்துவிடும். பருந்து உருவம் ஒன்றை மட்டும் ஒட்டிவைப்பதால் பயனில்லை. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். வீட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்க மரங்கள் தெரிகிற அழகு, பறவைக்கு ஒரு திறந்த வழி என்று தோன்றும் என்பதை பிளேனோவில் நிற்கும்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நியூ கேனனுக்கு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ரயில். ஸ்டாம்ஃபர்டில் மாற வேண்டியிருந்தது. ஊர் நிலையத்துக்கு எதிரிலேயே வரவேற்பு மையம்; அங்கிருந்து வேனில் கூட்டிப்போகிறார்கள். பழைய கல் மதில்கள், ஏறி இறங்கும் புல்வெளி. மேட்டின் விளிம்பில் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. பிலிப் ஜான்சனின் கண்ணாடி வீடு. 56 அடிக்கு 32 அடி. மீஸின் வீட்டைப் போல மிதக்கவில்லை, நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் பாவிய தரை. உள்ளே ஒரே ஒரு வட்டமான செங்கல் தூண். அதற்குள் குளியலறை, வெளிப்புறம் கணப்படுப்பு. பக்கத்துக்கு ஒன்றாக நாலு கதவுகள், காற்று நன்றாகவே வருகிறது.

1947-ல் நியூயார்க்கில் மீஸின் மாதிரியைக் காட்சிக்கு வைத்த கண்காட்சியை அமைத்தவரே ஜான்சன்தான். மீஸின் வீடு எழுவதற்கு முன்பே, 1949-ல் தன் வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். கடன் பட்டதை மறைக்கவில்லை. 1950-ல் 'ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூ' இதழில், எதை எங்கிருந்து எடுத்தேன் என்று பட்டியலே போட்டார். அந்தக் கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எரிந்துபோன ஒரு மர கிராமத்தில் செங்கல் அடித்தளமும் புகைபோக்கியும் மட்டும் நிற்பதைப் பார்த்ததாகவும், இந்த வீட்டின் செங்கல் தரையும் தூணும் அங்கிருந்து வந்ததாகவும் எழுதியிருக்கிறார். 1930-களில் ஜான்சன் நாஜிகளின் ஆதரவாளர். 1939-ல் அவர்கள் படையெடுத்த போலந்தைப் போய்ப் பார்த்தவர். பின்னாளில் வருந்தினார். ஆனாலும் இந்தப் புல்வெளியில் நின்று அந்தத் தூணைப் பார்க்கும்போது அதை நினைக்காமல் இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இங்கே இரவைச் சமாளித்த விதம் கற்றுக்கொள்ளத்தக்கது. கண்ணாடி இரவில் கருங்கண்ணாடி ஆவதைத் தடுக்க ஜான்சன் ரிச்சர்ட் கெல்லி என்ற விளக்கொளிக் கலைஞரை அழைத்தார். கெல்லி வீட்டுக்குள் வெளிச்சத்தைக் குறைத்தார், வெளியே மரங்களுக்கும் புல்லுக்கும் வெளிச்சம் கொடுத்தார். வெளி, உள்ளைவிடப் பிரகாசமாக இருந்தால் பிம்பம் மறைந்து, கண்ணாடி மறுபடி கண்ணாடி ஆகிவிடும். கொள்கை இவ்வளவுதான். கண்ணாடி முகப்பு வைப்பவர்கள் பெரும்பாலும் விளக்குக் காசை எல்லாம் உட்கூரையில் கொட்டுகிறார்கள். பாதியைத் தோட்டத்துக்குக் கொடுத்தால் இரவில் உட்காரத் தகுந்த அறை கிடைக்கும். இதற்குத் தோட்டம் வேண்டும், அந்தத் தோட்டத்துக்கு அப்பால் யாரும் இருக்கக் கூடாது. ஜான்சனிடம் இரண்டும் இருந்தன. ஐந்து ஏக்கரில் தொடங்கியவர், அக்கம்பக்கத்தை வாங்கிச் சேர்த்து 49 ஏக்கர் ஆக்கினார். 2005 ஜனவரியில் 98 வயதில் இந்த வீட்டிலேயே இறந்தார். சுற்றிலும் கண்ணில் படுவதெல்லாம் அவருடையதே.

கண்ணாடி வீட்டின் எதிரில், புல்வெளிக்கு அப்பால் இன்னொரு வீடு. ஒன்றாகவே கட்டியது. நம் பக்கம் பார்த்த முகத்தில் ஒரு கதவைத் தவிர வேறு திறப்பே இல்லை, முழுச் செங்கல். பின்பக்கம் மட்டும் வட்ட ஜன்னல்கள். படங்களில் இதைக் காட்டுவதே இல்லை. நீண்ட காலம் பூட்டிக் கிடந்து, பழுது பார்த்து, 2024-ல் திறந்தார்கள். உள்ளே விருந்தாளிகளுக்கான படுக்கையறை, துணி போர்த்திய சுவர்கள், வளைந்த மேற்கூரை, மங்கலான இதமான வெளிச்சம். கதவைச் சாத்தினால் உலகம் வெளியே நின்றுவிடும்.

இந்தச் செங்கல் வீட்டில்தான் சூடாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. இங்கிருந்து புல்லுக்கு அடியில் குழாய்கள் போய் எதிர்வீட்டுக்கு வெப்பம் கொடுக்கின்றன. வழிகாட்டி அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் வாசலிலேயே நின்று அந்தப் புல்வெளியைப் பார்த்தேன். பெட்டியும் செங்கல்லும் இரண்டு தனி வீடுகள் அல்ல, ஒரே வீட்டின் இரண்டு பாதிகள். ஒளிய ஒரு பாதி, திறந்திருக்க ஒரு பாதி. தனக்காகத் தானே வரைந்தவர் இரண்டையும் கட்டிக்கொண்டார். பிளேனோவில் ஈடித்துக்குக் கிடைத்தது ஒரு பாதிதான். இயந்திரமும் குளியலும் சமையலும் உடையும் விருந்தாளியும் தனிமையும், அந்த மரப் பெட்டியிலும் அதைச் சுற்றிய கண்ணாடிக்கு உள்ளேயும் அடங்க வேண்டியிருந்தது. அவர் செலவழித்த பணத்துக்கு ஆற்றங்கரையில் இரண்டாவதாக ஒரு செங்கல் அறை கட்ட இடமும் இருந்தது, வழியும் இருந்தது. யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.